இரும்புக்கை மாயாவி: மறையாத கை பற்றிய ஒரு நோக்கு

சித்திரக்கதைகளை இலக்கியத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. சிறுவர்க்கான பொழுதுபோக்கு என ஒரு சாராரும், வணிக நோக்கில் உற்பத்தி செய்யப்படும் மலிவுப் பண்டம் என இன்னொரு சாராரும் அவற்றை ஒதுக்கிவிடுவர். இவ்விரு கூற்றுகளிலும் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், தான் பிறந்த நாட்டில் பழைய வாசகர் சிலரின் நினைவாக ஒதுங்கிவிட்ட ஒரு கதைமாந்தன், பிறிதொரு மொழியில் அரை நூற்றாண்டு கடந்தும் வாசிக்கப்பட்டும் மீள அச்சிடப்பட்டும் வருவானாயின், அந்த நீண்ட வாழ்வுக்குக் காரணம் யாது என வினவுவது திறனாய்வின் கடமைகளுள் ஒன்றாகும். அத்தகைய கதைமாந்தன் இரும்புக்கை மாயாவி.

அவனது ஈர்ப்புக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் இளமை நினைவு என்பதாகும். அறியாப் பருவத்திற் படித்தவை இறுதிவரை இனிக்கும் என்பர். இவ்விளக்கம் போதாது. இளமையில் எத்தனையோ நூல்களைப் படிக்கின்றோம். அவற்றுட் பெரும்பாலானவை நினைவிலிருந்து அகன்றுவிடுகின்றன. மேலும், அவனை முதன்முதலிற் படித்த தலைமுறைக்கு மிகப் பின்னர் பிறந்தோரும் அவனை நாடுகின்றனர். இக்கட்டுரையாளரும் அவர்களுள் ஒருவர். ஆகவே காரணத்தை வாசகரின் வயதில் மட்டுமன்றி, அப்பாத்திரத்தின் அமைப்பிலும், அது வாசிக்கப்பட்ட சூழலிலும் தேடுதல் வேண்டும். மட்டக்களப்பு வாவியின் கரைகளை அச்சூழலுக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டு அத்தேடலை மேற்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிறப்பும் பெயரும்

1962ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆந் திகதி இங்கிலாந்தில் ‘வேலியன்ட்’ என்னும் சிறுவர் வார இதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதலிதழிலிருந்தே இடம்பெற்ற தொடர்களுள் ஒன்று ‘த ஸ்டீல் க்ளோ’. தொடக்கக் கதைகளை எழுதியவர் கென் பல்மர்; அவருக்குப் பின் நெடுங்காலம் எழுதியவர் டொம் டல்லி; சித்திரந் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டவரான ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுகூட உதவியாளனான லூயிஸ் கிரண்டேல் முன்னொரு விபத்தில் வலக்கையை இழந்து, அதற்கு ஈடாக உருக்குக் கையொன்றைப் பொருத்தியிருக்கின்றான். ஆய்வுகூடத்தில் நிகழும் மற்றொரு விபத்தில் உயரழுத்த மின்சாரம் அவனுடலிற் பாய்கின்றது. அவனுடல் கண்ணுக்குப் புலனாகாது மறைகின்றது. உருக்குக் கை மாத்திரம் மறைவதில்லை. இதுவே கதையின் கரு.

பத்தாண்டுகளின் பின், 1972ஆம் ஆண்டு ஜனவரியில், சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தனது முதலாவது வெளியீடாக ‘இரும்புக்கை மாயாவி’யைத் தமிழிற் கொணர்ந்தது. பதிப்பாளர் சௌந்தரபாண்டியன், ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர் முல்லை தங்கராசன். ‘வேலியன்ட்’ 1976இல் தனியிதழாக வெளிவருவது நின்றுபோயிற்று. தமிழில் மாயாவியோ தொடர்ந்து வாழ்ந்தான். 2022 ஜனவரியோடு அவனது தமிழ் வாழ்வுக்கு ஐம்பது ஆண்டுகள் நிறைவெய்தின.

தமிழில் அவனுக்கு இடப்பட்ட பெயர் ஊன்றி நோக்கத்தக்கது. மூலத் தலைப்பிலுள்ள ‘க்ளோ’ என்னுஞ் சொல் விலங்கின் அல்லது பறவையின் உகிரைக் குறிப்பது, அச்சந் தருவது. தமிழாக்கியோர் அதனைக் ‘கை’ என்றனர். உகிர் பற்றிக் கிழிப்பது. கையோ பற்றவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். கைகொடுத்தல், கைவிடுதல், கையளித்தல், கைப்பற்றுதல் எனத் தமிழர் வாழ்வின் நல்லனவும் அல்லனவுமாகிய செயல்கள் பல கையென்னும் சொல்லோடு பிணைந்துள்ளன. ‘கை’ என்பதற்கு ஒழுக்கம் என்னும் பொருளும் பழந்தமிழில் உண்டு. பெயர்மாற்றம் ஒன்றினாலேயே ஒரு கொடிய கருவி மனித உறுப்பாகிவிட்டது.

‘மாயாவி’ என்பதோ இதற்கு நேர்மாறான வரலாறுடையது. இராமாயணக் கதையில் மாயாவி ஓர் அசுரன். வாலியோடு பொருது, பிலத்தினுட் புகுந்து, அங்கு அவனாற் கொல்லப்படுபவன். மாயம் வல்லவன் நம்பத்தகாதவன் என்பதே நம் மரபின் பொதுவான தீர்ப்பு. அத்தகைய பெயரொன்று தமிழ்ச் சிறுவர் மத்தியில் காவலனின் பெயராக மாறியமை ஒரு மொழிபெயர்ப்பாளரின் தற்செயலான தெரிவாக இருத்தல் கூடும். ஆனால் அம்மாற்றத்தை வாசகர் எவ்விதத் தயக்கமுமின்றி ஏற்றுக்கொண்டமை தற்செயலன்று. அதற்கான காரணத்தைப் பின்னர் நோக்குவோம்.

2. வாவியைக் கடந்த நூல்கள்

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே கடலை அடுத்துள்ள நிலப்பரப்பை எழுவான்கரை எனவும், மேற்கே வயல் சூழ்ந்த பரப்பைப் படுவான்கரை எனவும் அழைப்பது நம்மூர் வழக்கு. நகரமும் நூற்கடைகளும் பெருந்தெருவும் எழுவான்கரைக்குரியன. படுவான்கரைக்கு நூல்கள் வந்து சேர வாவியைக் கடத்தல் வேண்டும்.

1970 முதல் 1977 வரையான ஆட்சிக்காலத்தில் தென்னிந்திய வணிக சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஈழத்து எழுத்தும் வெளியீடும் தழைக்க அக்கட்டுப்பாடு துணைபுரிந்தது என்பதை மறுத்தற்கில்லை. 1977இன் பின் இறக்குமதி தளர்ந்தபோது தமிழகச் சஞ்சிகைகளோடு சித்திரக்கதைகளும் தாராளமாக வந்தன. எனது தாய்மாமன் அவற்றைப் படிக்கத் தொடங்கியது அக்காலத்தை அடுத்தாகும். மண்டூரைச் சேர்ந்த அவர், குருமண்வெளித் துறைக்கு வாவியைக் கடந்து செல்லும் ‘பாதை’யில் ஏறி மறுகரையிலுள்ள பாடசாலைக்குச் சென்றுவந்தவர். பலரையும் பலவற்றையும் ஏற்றிச் செல்லும் அம்மிதவையை ‘பாதை’ என நம்மவர் அழைப்பது பிறவூரார்க்கு விந்தையாகத் தோன்றலாம். அப்பாதையின் விளிம்பில் அமர்ந்தே மாயாவியின் கதைகளுட் பலவற்றைத் தாம் படித்து முடித்ததாக அவர் கூறுவார். ஒருவர் வாங்கிய நூலை ஐவர் படித்தனர். படித்து முடிப்பதற்குள் கரை வந்துவிட்டால், மறுநாள்வரை காத்திருக்க வேண்டியதே.

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. மாயாவிக்கு ஆற்றல் தருவது மின்சாரம். அவன் தன் உருக்குக் கையை மின்கம்பியிலோ மின்னியந்திரத்திலோ பொருத்தினாலன்றி மறைய இயலாது. மாமாவின் வீட்டிலோ அக்காலத்தில் மின்விளக்கு இல்லை. குப்பிவிளக்கின் ஒளியிலேயே அவர் மின்சாரத்தால் வாழும் வீரனின் கதையைப் படித்தார். மின்சாரம் என்பது அன்றாடப் பொருளாக இல்லாத ஓரூரில், அது மந்திரத்துக்கு நிகராகத் தோன்றியமை வியப்பன்று. அறிவியலின் பெயரால் வந்த கதை அங்கு மாயக்கதையாகவே உட்கொள்ளப்பட்டது எனலாம்.

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியது 2009ஆம் ஆண்டளவில். மாமாவின் தகரப்பெட்டியில் அப்போது எஞ்சியிருந்தவை பதினேழு நூல்கள். பலவற்றுக்கு அட்டையில்லை; சிலவற்றுக்கு முடிவுமில்லை. முடிவில்லாத கதைகளுக்கு அவரே முடிவு சொல்வார். படிக்குமுன் அடுத்த கட்டத்தைத் தம் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, “மறுகா என்ன நடக்கும் எண்டு சொல்லு புள்ள” என்பார். கை மட்டும் தொங்கும் கட்டம் வந்தாலோ வேறொரு வினா எழும்: “உடம்பு எங்க நிக்கிது?” நான் அக்கட்டத்தின் வெற்றிடத்தில் விரல் வைத்துக் காட்டுவேன். தோள் இங்கே, தலை இங்கே, கால் இங்கே என ஒன்றுமில்லாத தாளின்மீது ஓர் உடலை வரைந்துகாட்டிய அப்பயிற்சியே நான் பெற்ற முதலாவது இலக்கியக் கல்வியாகும்.

3. வெற்றிடத்தின் அழகியல்

மாமாவின் அவ்வினாவிலேயே இத்தொடரின் கலைத்திறன் அடங்கியுள்ளது. சித்திரக்கதை என்பது காட்டும் கலை. ஆனால் இத்தொடரின் சித்திரக்காரர் தம் கதாநாயகனை, அவன் மிகுந்த ஆற்றலோடு இயங்கும் வேளைகளிலெல்லாம், காட்டாது விடவேண்டியவராயினார். பிளாஸ்கோவின் கோடுகள் நடப்பியல் சார்ந்தவை. கருமையும் வெண்மையும் செறிந்து மோதுபவை. தெருவும் சுவரும் இயந்திரமும் அச்சமுற்றோர் முகங்களும் நுணுக்கமாகத் தீட்டப்பட்டுள்ளன. அவற்றின் நடுவே ஒரு கை மட்டும் அந்தரத்தில் நிற்கின்றது. சூழலின் மெய்ம்மை எவ்வளவுக்கு மிகுகின்றதோ அவ்வளவுக்கு அவ்வெற்றிடம் நம்பத்தக்கதாகின்றது. உடலை நிரப்பும் பொறுப்பு வாசகனுடையது.

இம்முறை மட்டக்களப்பாருக்கு அந்நியமானதன்று. நம் கூத்துக்களரியில் பின்னணிக் காட்சிகள் இல்லை. வடமோடிக் கூத்தில் அரசன் வரவு ஆடும்போது, மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, தான் இன்னான் எனப் பாட்டினால் அறிவித்துக்கொண்டு களரியைச் சுற்றுகின்றான். அவனது கொலுமண்டபத்தையும் படைகளையும் தேரையும் பார்வையாளரே தம் மனத்தகத்தே அமைத்துக்கொள்கின்றனர். கரப்புடுப்பும் முடியும் வில்லும் சில குறிப்புகளே. எஞ்சியதைப் பார்ப்போர் நிறைவு செய்கின்றனர். இரவு முழுவதும் வட்டக்களரியைச் சூழ்ந்திருந்து இல்லாததைக் கண்டு பழகிய கண்களுக்கு, ஒரு கையைக் கொண்டு முழு மனிதனைக் காண்பது அரிய செயலாகத் தோன்றியிராது. மூலத்தில் ஒரு புதுமையான உத்தியாக இருந்தது நம்மிடையே ஒரு பழைய பழக்கத்தின் தொடர்ச்சியாயிற்று.

4. குறையுள்ள வீரன்

அதிமானுட வீரர்களுள் உலகப் புகழ்பெற்ற சூப்பர்மேன் 1938இல் அமெரிக்காவில் தோன்றியவன். வேற்றுக் கோளிலிருந்து வந்தவன், பிறவியிலேயே வல்லவன், துப்பாக்கிக் குண்டு துளைக்காதவன். அவனுக்கு முன்னர் 1936இல் லீ பால்க் படைத்த ‘பாண்டம்’, தமிழில் முத்து காமிக்ஸில் வேதாளர் எனவும் ராணி காமிக்ஸில் மாயாவி எனவும் வந்தவன், தந்தையிடமிருந்து மகன் என வழிவழியாக முகமூடியைப் பெறுபவன். காட்டு மக்களாற் சாகாதவன் எனக் கருதப்படுபவன். இவ்விருவரும் பிறப்பினால் உயர்ந்தோர்.

இரும்புக்கை மாயாவி அவ்வாறானவன் அல்லன். அவன் ஓர் ஆய்வுகூடத்திற் கீழ்நிலையிற் பணிபுரிந்தவன், உறுப்பிழந்தவன். அவனது ஆற்றல் ஓர் இழப்பின்மீது கட்டப்பட்டது. அவ்வாற்றலும் நிலையானதன்று, சிறிது நேரத்தில் உடல் மீண்டும் புலப்படத் தொடங்கும், மின்சாரத்தை மீண்டும் தேட வேண்டும். கதைகளின் பதற்றம் பெரும்பாலும் இந்தக் கால எல்லையிலிருந்தே பிறக்கின்றது. அவன் வெல்வானா என்பதிலும் அவன் எத்தனை கணம் மறைந்திருக்க முடியும் என்பதே வாசகனை அலைக்கழிக்கும் வினா.

இதனினும் முக்கியமானது பிறிதொன்று. மூலத்தொடரின் தொடக்கத்தில் கிரண்டேல் வீரன் அல்லன், குற்றவாளி. மறையும் ஆற்றலைப் பெற்றவுடன் அவன் முதலிற் செய்வது களவும் அழிவுமே. பின்னரே அவன் திருந்தி, ‘நிழற்படை’ என்னும் இரகசிய அமைப்பிற் சேர்ந்து, தீயோரை எதிர்க்கின்றான். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் மூலம் தமிழில் பெரும் புகழ்பெற்ற ஸ்பைடரும் குற்ற உலகின் அரசனாகும் வேட்கையோடு தோன்றி, பின்னர் குற்றவாளிகளை வேட்டையாடுபவனாக மாறியவனே. தமிழ் வாசகர் பெரிதும் நேசித்த இவ்விரு வீரரும் தீமையிலிருந்து நன்மைக்கு நடந்துவந்தோர் என்பது கருத்திற்கொள்ளத்தக்கது.

கூத்து மரபை அறிந்தோர்க்கு இதுவும் புதிதன்று. நம் களரியில் மக்கள் கண்ணீரோடு நேசிப்பது குறையற்ற வீரரை அன்று. தவறான பக்கத்தில் நின்று கொடையாற் சிறந்த கர்ணனையும், வெளியேறும் வழியறியாது வியூகத்தினுட் புகுந்த அபிமன்யுவையும், ஆணவத்தால் அழியும் இராவணனையுமே நேசிக்கின்றனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் கூத்தினை மறுமலர்ச்சியுறச் செய்தபோது தயாரித்தவற்றுள் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்பன இடம்பெற்றமை இத்தொடர்பில் நினைவுகூரத்தக்கது. மூன்றும் வீழ்ந்தோரின் கதைகள். இத்தகைய சுவைப்பழக்கம் உடைய மக்களிடையே அசுரன் பெயர்பூண்ட ஒரு முன்னாட் குற்றவாளி காவலனாக ஏற்கப்பட்டமைக்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை.

5. மறைவும் அறமும்

கண்ணுக்குப் புலப்படாதவன் அறவழியில் நிற்பானா என்பது பழைய வினா. கிரேக்க ஞானி பிளேட்டோவின் ‘குடியரசு’ என்னும் நூலில், அணிந்தவனை மறைக்கும் மோதிரமொன்றைப் பெற்ற கைஜீஸ் என்னும் இடையனின் கதை வருகின்றது. அவன் அரசனைக் கொன்று அரசைக் கவர்கின்றான். காண்போர் இல்லாதபோது நல்லவனும் தீயவனும் ஒன்றே என்னும் வாதத்துக்கு அக்கதை சான்றாக எடுத்துரைக்கப்படுகின்றது. எச். ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய ‘கண்ணுக்குப் புலப்படாத மனிதன்’ என்னும் நாவலிலும் மறையும் ஆற்றல் ஓர் அறிவியலாளனை வன்முறையாளனாக்கி, இறுதியில் ஊராரால் அடித்துக் கொல்லப்படும் நிலைக்குத் தள்ளுகின்றது.

நம் மரபிலும் இவ்வினா உண்டு. இந்திரசித்து மேகத்தில் மறைந்து நின்று பொருதமை மாயப்போர் என இகழப்படுகின்றது. ஆனால் வாலியை மறைந்து நின்று எய்தவன் இராமனே. மார்பில் அம்பேற்று வீழ்ந்த வாலி கேட்கும் வினாக்கள் நெடுங்காலமாகப் பட்டிமண்டபங்களிலும் உரைகளிலும் விடைதேடி நிற்கின்றன. மறைந்திருந்து தாக்கும் உரிமை நல்லவனுக்கு உண்டா? எய்தவன் நல்லவனாயினும் எய்த முறை நன்றாகுமா?

இரும்புக்கை மாயாவி இவ்வினாவுக்கு அறியாமலே ஒரு விடை தருகின்றான் என்பது எனது கருத்து. அவ்விடை அவனது கையில் உள்ளது. அவன் முழுமையாக மறைவதில்லை. மறைய இயலாது. அவன் கதவைத் திறக்கும்போதும், துப்பாக்கியைப் பறிக்கும்போதும், ஒருவனை இழுத்து வீழ்த்தும்போதும், அச்செயலைச் செய்யும் உறுப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிகின்றது. செய்பவன் மறைவான், செய்கை மறையாது. எதிரிகள் அதனைக் கண்டு அஞ்சுகின்றனர். சில வேளைகளில் அதனைக் கொண்டே அவனைத் தாக்குகின்றனர். போர்த்தந்திர நோக்கிற் பார்த்தால் அக்கை அவனது பெருங்குறை. அறத்தின் நோக்கிற் பார்த்தால் அதுவே அவனைக் கைஜீஸிடமிருந்து வேறுபடுத்துவது. தன் செயலின் அடையாளத்தை ஒளிக்க முடியாத ஆற்றலே பொறுத்துக்கொள்ளத்தக்க ஆற்றல். இத்தொடரை ஆக்கியோர் இவ்வாறு எண்ணி எழுதினர் எனக் கூறுவதற்கில்லை. வார இதழுக்காக விரைந்து உழைத்தோர் அவர்கள். எனினும் ஆக்கியோன் எண்ணாததை ஆக்கம் கூறுதல் இலக்கியத்தில் வழமையே.

6. மறுப்புகள் சில

இக்கதைகளைக் குறையற்றன எனக் காட்டுவது எனது எண்ணமன்று. இலக்கியத்தை அதன் சமூக அடிப்படையோடு சேர்த்து நோக்குமாறு கைலாசபதியும் சிவத்தம்பியும் நமக்குக் கற்பித்தனர். தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பாடற் சாதனமாக ஆராய்ந்த சிவத்தம்பியின் முன்மாதிரி, வெகுசனக் கலைகளை இகழாமலும் புகழாமலும் ஆராயலாம் என்பதைக் காட்டியது. அந்நோக்கில் மூன்று குறைகளைச் சுட்டலாம்.

முதலாவது, இக்கதைகளின் உலகநோக்கு. பேரரசை இழந்துகொண்டிருந்த ஒரு நாட்டின் சிறுவர்க்காக எழுதப்பட்டவை இவை. உலகைக் காக்கும் உரிமை இலண்டனுக்கே உரியது என்பது சொல்லாமலே கொள்ளப்படுகின்றது. இரண்டாவது, பெண்களின் இன்மை. நான் படித்த கதைகளில் நினைவில் நிற்கும் பெண் பாத்திரம் ஒன்றேனும் இல்லை. கையைச் சுற்றி ஓர் உடலை வரைந்து பழகிய எனக்கு, அவ்வுடல் எப்போதும் ஆணுடலாகவே இருக்கவேண்டியிருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். மூன்றாவது, தனியொருவன் வந்து துயர் தீர்ப்பான் என்னும் எதிர்பார்ப்பை இவை வளர்க்கின்றன. மக்கள் இங்கு அஞ்சி ஓடுவோர் மட்டுமே. கூடி நின்று எதையும் மாற்றுவோர் அல்லர். முற்போக்குத் திறனாய்வு இவ்வகை எழுத்தை மயக்கமருந்து எனக் கண்டித்தது காரணமின்றியன்று.

முதலிரு குறைகளையும் முற்றாக ஏற்கின்றேன். மூன்றாவதைப் பற்றி ஒரு சொல். ஒரு நூல் என்ன கூறுகின்றது என்பதோடு, மக்கள் அதனை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதையும் நோக்குதல் வேண்டும். பாதையின் விளிம்பிலும் குப்பிவிளக்கின் அருகிலும் அந்நூல்கள் தனியாகப் படிக்கப்படவில்லை. ஐவர் கூடிப் படித்தனர், வாதிட்டனர், முடிவில்லாதவற்றுக்கு முடிவு சமைத்தனர். தனிமனித வழிபாட்டைப் போதித்த நூல் ஒரு சிறு கூட்டுறவுக்கு நிமித்தமாயிற்று. அக்கூட்டுறவுக்கு நேர்ந்தது என்ன என்பதையும் இங்கு கூறுதல் வேண்டும்.

7. காணாமற்போன கை

தகரப்பெட்டியிலுள்ள நூல்களுள் ஆறில், முதற் பக்கத்தின் மேல்மூலையில், நீலமையால் ஒரு பெயர் எழுதப்பட்டுள்ளது. அது என் மாமாவின் பெயரன்று. அப்பெயருக்குரியவர் அவரோடு அந்நூல்களைப் பகிர்ந்து படித்த தோழர். 1990ஆம் ஆண்டில் ஒருநாள் விசாரணைக்கென அழைத்துச் செல்லப்பட்டார், மீளவில்லை. “அது அவன்ட புத்தகம், வந்து கேட்டாக் குடுக்கோணும்” என்று மாமா இன்றும் கூறுவார். அட்டை கிழிந்த அந்த ஆறு நூல்களையும் அவர் எவருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

அவ்வாண்டு இம்மாவட்டத்தில் அவ்வாறு சென்றவர் பலர். 1990 செப்டெம்பர் 5ஆந் திகதி வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்திருந்த அகதி முகாமிலிருந்து மட்டும் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டு மீளாது போயினர். நாம் விரிவுரைக்குச் செல்லும் வழிகள் அவர்கள் இறுதியாக நடந்த வழிகளாகவும் இருக்கலாம்.

இங்கு இலக்கணம் ஒன்றை நினைவூட்டுகின்றேன். நெடுங்காலம் நாம் அவர்களைக் ‘காணாமற் போனோர்’ என்றோம். ‘போனார்’ என்பது தன்வினை, போனவரே வினைமுதல். அவர் தாமே மறைந்தார் என்பது போன்ற தொனி அச்சொல்லில் உண்டு. பின்னர் உறவினர்கள், குறிப்பாகத் தெருவோரங்களில் படங்களை ஏந்தியமர்ந்த தாய்மார், ‘காணாமலாக்கப்பட்டோர்’ என்னுஞ் சொல்லை வற்புறுத்தினர். இது செயப்பாட்டுவினை. செயப்பாட்டுவினை வந்தவிடத்து ‘யாரால்’ என்னும் வினா உடன்வரும். சொல் மாறியபோது வெற்றிடத்தில் ஒரு கை தோன்றிற்று. அக்கை யாருடையது என்பதையே அத்தாய்மார் கேட்கின்றனர்.

இரும்புக்கை மாயாவியின் உலகில் மறைதல் ஓர் ஆற்றல், மறைந்தவன் மீள்வான், மின்சாரம் தணிந்தவுடன் மெல்ல உருப்பெற்று நம்முன் நிற்பான். அங்கு வந்து பற்றும் கையைக் காணலாம். அதற்கு ஓர் உடல் உண்டு. அவ்வுடலுக்கு லூயிஸ் கிரண்டேல் என்னும் பெயர் உண்டு. நமது உலகிலோ மறைந்தோர் மீளவில்லை. பற்றிய கைக்கு உடலுமில்லை, பெயருமில்லை. நம்மவர்க்கு அக்கதைகள் வெறும் தப்பித்தலாக மட்டும் இருந்தன என நான் கருதவில்லை. நம் வாழ்வில் தலைகீழாகிவிட்ட ஓர் ஒழுங்கை அவை நேராக நிறுத்திக் காட்டின. மறைந்தவன் திரும்புவான், செய்த கை தெரியும் என்பதே அவ்வொழுங்கு. இவ்விரண்டுமே வாவிக்கரை மக்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவருபவை. ஒரு சிறுவர் கதை அவற்றை இயல்பானவை எனக் கொண்டு தொடங்குகின்றது.

ஆகவே இளமை நினைவு என்னும் விளக்கத்தை இவ்வாறு திருத்தலாம். நாம் மாயாவியிடம் திரும்பிச் செல்வது சிறுவராக இருந்த காலத்தை மீட்பதற்காக மட்டுமன்று. சிறுவராக இருந்தபோது நியாயமெனக் கற்ற ஒன்றை, வளர்ந்தபின் உலகிற் காணாமையாற் சென்று சரிபார்ப்பதற்காகவுமாகும். வெற்றிடத்தில் விரல் வைத்து “உடம்பு இங்க நிக்கிது” எனக் காட்டும் பயிற்சியை எனக்கு அளித்தவர் மாமா. அதே பயிற்சியையே, படங்களை மடியில் வைத்துக்கொண்டு, அத்தாய்மாரும் செய்துகொண்டிருக்கின்றனர். அவர்கள் காட்டும் இடத்தைப் பார்க்கப் பழகுவதே வாசகரின், திறனாய்வாளரின் பணியாகும்.